ஒன்றுக்கு எண்பத்தேழு

“பையன் எந்த காலேஜ் மேடம்? ப்ராஜெக்ட்டுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர். மதுரையில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிகள் விற்கும் ஒரு சந்துக் கடை. நான் வாங்கியது 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பிச் சுருள் ஒன்று, ஃப்ளக்ஸ் டப்பா, சிவப்பிலும் கறுப்பிலும் ஐந்தைந்து மீட்டர் ஒயர். “எனக்குத்தான்” என்றேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். அறுபது வயதுப் பெண் அப்படிச் சொன்னால் அது வேடிக்கைக்காகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மாணவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியையும் பில்லில் போட்டார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அதன் பிறகு போன இடமெல்லாம் இதே கேள்விதான், கேட்கும் ஆள் மட்டும் மாறினார். பிளைவுட் அறுத்துக் கொடுத்த ஆசாரி “பேரப்பிள்ளைக்காம்மா?” என்றார். பக்கத்து வீட்டு அக்கா, “பேத்தி வந்தா ஆசையா விளையாடுவா” என்றாள். என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், உறவுக்காரர்களிடம் “பேத்திக்காக என்னமோ செஞ்சுக்கிட்டு இருக்கா” என்று தானாகவே ஒரு காரணத்தைச் சொல்லிவந்தார். பெண்டாட்டி தனக்காக ஒரு அறையைப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பேத்திக்கு அப்போது நான்கு மாதம்.

நான் பிறந்தது 1963-இல். அப்பா மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையில், உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். ஆனால் அந்தச் சில வண்டிகளைச் சுற்றித்தான் எங்கள் வீடு நடந்தது. ஒற்றைப் பாதை, டோக்கன் இல்லாமல் வண்டியை விட முடியாது. அடுத்த நிலையத்தோடு மணியடித்துப் பேசி, கருவியிலிருந்து ஒரு உலோகப் பந்தை எடுத்து, தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு டிரைவரிடம் கொடுக்க வேண்டும். நிற்காத வண்டியென்றால் டிரைவர் கையை நீட்டி, ஓட்டத்திலேயே வளையத்தை வாங்கிக்கொள்வார். அந்த ஒரு நொடிக்காக நான் பிளாட்பாரத்தில் எத்தனையோ மணி நேரம் காத்து நின்றிருக்கிறேன்.

எத்தனை மணிக்கு என்ன பொருள் என்பது அம்மாவுக்கு முழுக்கத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, குவார்ட்டர்ஸ் அடுப்படியில் காதில் விழுந்து விழுந்து கற்றது. பக்கத்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று மணி சொன்னால் உலையில் அரிசியைப் போடுவாள். வண்டி வந்து, போய், அப்பா கைகழுவ வரும்போது சோறு வடித்திருக்கும். இரவு டியூட்டியில் அப்பா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டால் மணிச் சத்தத்துக்கு முதலில் விழிப்பதும் அம்மாதான். என் கையில் அரிக்கேன் விளக்கைத் திணித்து, “ஓடிப்போயி அப்பாவ எழுப்பு” என்பாள். ரயில்வேயின் எந்தப் பேரேட்டிலும் ஏறாத வேலை அது.

1974 மே 8-ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. இருபது நாள் நீடித்தது. கைதுக்கு அஞ்சி அப்பா ஊரைவிட்டுப் போயிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு. மணி அடிக்கவில்லை. எப்போது உலை வைப்பதென்று தெரியாமல் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நாட்களில்தான், பதினோரு வயதில், நான் ஒரு ரயில் செய்தேன். தீப்பெட்டிகளை ஒட்டிப் பெட்டிகள். பவுடர் டப்பாவில் பாய்லர். நூல்கண்டுக் கட்டையில் புகைபோக்கி. விளக்குமாற்றுக் குச்சியைச் சோற்றுப் பசையால் அட்டையில் ஒட்டித் தண்டவாளம். நூலை இழுத்தால் கை இறங்கும் சிக்னல்கூட உண்டு. அம்மா பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பழைய சட்டையிலிருந்து மூன்று பித்தான்களை வெட்டிக் கொடுத்தாள். சக்கரம் மூன்று குறைகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா அண்ணனுக்கு மின்சார ரயில் செட் ஒன்று கொண்டுவந்தார். பெட்டியின் மேல் ஒரு படம்: தரையில் குனிந்திருக்கும் அப்பாவும் மகனும், பின்னால் கதவருகே தட்டோடு ஒரு அம்மா. இந்தச் சாமான்கள் உலகெங்கும் அப்படித்தான் விற்கப்பட்டன. ரயில் பொம்மைகளுக்குப் பேர்போன ஃப்ராங்க் ஹார்ன்பி, அதற்கு முன்பு கண்டுபிடித்த மெக்கானோவுக்கு ‘பையன்களுக்கான பொறியியல்’ என்றே விளம்பரம் செய்தார்கள். அண்ணன் ரயிலை ஓட்டுவான். நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவான். மோட்டாரைப் பிரித்து, கார்பன் பிரஷ்ஷின் பொடியைத் துடைத்து, திரும்பப் பூட்டி, தண்டவாளத்தில் வைத்துவிட்டு நான் எழுந்துகொள்ள வேண்டும்.

வயதுக்கு வந்தபோது அதுவும் முடிந்தது. “பெரிய மனுசி தரையில குப்புறப் படுத்துக்கிட்டு என்னடி வெளையாட்டு?” என்று சொன்னது அப்பா இல்லை, அம்மா. பித்தான் வெட்டிக் கொடுத்த அதே அம்மா. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பொருத்திப் பார்க்க எனக்கு இன்றுவரை முடியவில்லை.

அண்ணன் பாலிடெக்னிக் போனான், நான் பி.காம். படித்தேன். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களிலேயே ஒரு பெண் மின்பொறியியல் படித்திருக்கிறார் என்பது எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. அ. லலிதா. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அதன் பிறகு படித்துப் பட்டம் வாங்கி, பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி எடுத்திருக்கிறார். நான் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னால்! எங்கள் வீட்டில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தெரிந்திருக்கலாம்.

வங்கி வேலை, கல்யாணம், ஒரே மகள். 2023-இல் ஓய்வு. மதுரை–போடி பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 கடைசியில் மூடினார்கள். தேனி வரை வண்டி வர 2022 மே ஆயிற்று, போடி வரை வர 2023 ஜூன். ஓய்வு பெற்ற கையோடு அதில் ஏறினேன். எங்கள் நிலையம் வரும் என்று சன்னலோரம் காத்திருந்தேன். வண்டி நிற்கவில்லை. குவார்ட்டர்ஸ் இல்லை. ஒரு புளியமரத்தை வைத்துத்தான், இங்கேதான் என்று அடையாளம் கண்டேன், அதுவும் அரைகுறையாக. அன்று இரவே நோட்டில் பிளான் வரைய உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றுக்கு எண்பத்தேழு என்பது அளவு. நிஜத்தில் 87 அடி என்றால் மாதிரியில் ஓரடி. மீட்டர்கேஜின் 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் கிடைக்கிறது, அதை வைத்துக்கொள்வார்கள். எங்கள் பாதையில் ஓடிய மாதிரி என்ஜின் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. ஒன்றுக்கு 120 அளவில் ஐரோப்பாவில் ஓடும் மாதிரி ரயில்களுக்கும் தண்டவாளம் 12 மில்லிமீட்டர்தான். அதனால் ஜெர்மனியில் வேலை பார்க்கும் அண்ணன் மகனிடம் சொல்லி ஒரு பழைய டீசல் என்ஜினை வரவழைத்து, மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நம் ஊர் என்ஜினுக்கான கூட்டைச் செய்தேன். ஆறு மாதம் பிடித்தது. மூன்று கூடுகளைக் குப்பையில் போட்டேன். அண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டு, “அப்பயும் நீதானடி ரிப்பேர் பண்ணுவ” என்றான். நாற்பத்தெட்டு வருடம் கழித்து வந்த ரசீது.

கை முன்பு போல இல்லை. நூல்கோக்கவே கண்ணாடி தேவைப்படும் கண்கள். நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். சால்டர் வைக்கும்போது வலது கட்டைவிரல் நடுங்குகிறது; மணிக்கட்டை மேசையில் அழுத்திக்கொண்டால் சரியாகிறது. முதல் வாரத்திலேயே ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன். தாளிக்கும்போது முப்பது வருடமாகச் சுட்டுக்கொண்ட விரல்தான்; அப்போதெல்லாம் கேட்காத என் வீட்டுக்காரர் இப்போது “இதெல்லாம் தேவையா?” என்று கேட்டார்.

ஜல்லிதான் எனக்குப் பிடித்த வேலை. 50 மில்லிமீட்டர் ஜல்லி 87-இல் ஒரு பங்கு என்றால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. ரவை அளவு. ரவையையே போட்டுவிடலாம்தான், எறும்பு வந்துவிடும். எம்-சாண்டை இரண்டு மாவுச் சல்லடையில் மாற்றி மாற்றிச் சலித்து எடுத்தேன். அதைத் தண்டவாளத்துக்கு நடுவே தூவி, பழைய புருவத் தூரிகையால் ஒதுக்கி, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீரும் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டும் கலந்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் நீர் முத்துமுத்தாக உருண்டு ஜல்லியைக் கலைத்துவிடும். ஆறடிப் பாதைக்கு நான்கு நாள். நிஜப் பாதையில் கூடையில் ஜல்லி சுமந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பது அந்த நான்கு நாளும் ஞாபகத்தில் இருந்தது.

இடம் போதாது என்பதுதான் இந்தக் கலையில் ஓயாத கவலை. 200 மீட்டர் பிளாட்பாரத்தைச் சரியான அளவில் செய்தால் இரண்டே கால் மீட்டருக்கு மேல் வரும். என் பலகையே ஆறடி. எதையாவது விட்டாக வேண்டும். வழக்கமாக இத்தகைய மாதிரிகளில் பார்ப்பவர் பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் நிற்பார். வண்டி முன்னால், நிலையம் நடுவில், பின்னால் வர்ணம் தீட்டிய மலை. குவார்ட்டர்ஸ் இருக்காது, இருந்தாலும் ஓட்டுக்கூரை மட்டும் தெரியும். நான் பலகையைத் திருப்பிப் போட்டேன். முன்னால் எங்கள் கொல்லை, துணி துவைக்கும் கல், அடுப்படிச் சன்னல், அதற்குப் பின்னால்தான் நிலையம். ரயில் கடைசியில். பாதி நேரம் சுவர் மறைத்து வண்டி தெரியாது, சத்தம்தான் கேட்கும். மகளின் அலுவலகத் தோழர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, ரயில் சரியாகத் தெரியவில்லையே என்றாராம். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் மகள் சென்னையிலிருந்து பேசினாள். பிரசவ விடுப்பு 26 வாரம் முடியப்போகிறது. “நீ வந்துரும்மா. ரெண்டு வருசம் மட்டும்.” ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்றது 2017-இல் வந்த சட்டத் திருத்தம். அவள் அலுவலகம் ஏற்பாடு செய்திருந்த காப்பகம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். மருமகன் விடுப்பு எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் கேட்டேன். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நான் வரமாட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்த மகள் பிறந்தபோது அம்மா எங்களோடு வந்து எட்டு வருடம் இருந்தாள். அதனால்தான் நான் வேலையை விடவில்லை, பதவி உயர்வு வாங்கினேன், இன்று பென்ஷனில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வாங்குகிறேன். அந்த எட்டு வருடத்தில் அம்மா எதை விட்டுவிட்டு வந்தாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவளுக்கு விடுவதற்கு ஏதாவது இருக்கும் என்றே தோன்றவில்லை.

மாதத்தில் பத்து நாள் வருகிறேன் என்றேன். மகள் அழுதாள். எனக்கு நான்கு நாள் தூக்கமில்லை. கடைசியில் மருமகன் வீட்டிலிருந்து வேலை பார்க்க வாரத்தில் இரண்டு நாள் வாங்கினார். மீதிக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் மூன்று வயதில் குழந்தை இருக்கிறது, அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்தவள் நான். இந்தக் கணக்கு நேராகவில்லை.

நிலையம் முடிந்ததும் மனிதர்கள் வேண்டியிருந்தது. வெளிநாட்டில் செய்த பொம்மைப் பெட்டி ஒன்றில் தொப்பி வைத்த ஆண்கள், கொடி பிடித்த கார்டு, கைப்பையோடு இரண்டு சீமாட்டிகள். தலையில் கூடை வைத்த ஒருத்தி இல்லை. ஃபியூஸ் கம்பியை முறுக்கி, எம்-சீல் பூசி நானே செய்யத் தொடங்கினேன். வெள்ளரிப்பிஞ்சு விற்றவள், மல்லிகைக்காரி, ஏலத்தோட்ட வேலைக்குப் போடிக்குப் போகும் மூன்று பேர். 18 மில்லிமீட்டர் உயரத்தில் சேலைக்கு டிஷ்யூ பேப்பர்கூடக் கனம். அதன் ஒரு படலத்தை உரித்து எடுத்துச் சுற்ற வேண்டும். எல்லாரும் ஓரளவு வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் வரவில்லை. நான்குமுறை செய்தேன். அடுப்படி வாசலில் நிறுத்தினால் பொம்மை போல் இருந்தாள். துவைகல் பக்கம் வைத்தேன், யாரோ மாதிரி இருந்தாள். ஒட்டாமலே நாளுக்கொரு இடமாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு மகள் வந்தாள். பேத்தி நேராக என்ஜினைப் பிடுங்க வந்தாள். அவளைத் தாத்தாவிடம் கொடுத்தாயிற்று. மகள் கொல்லைப்பக்கம் குனிந்து, வெகுநேரம் பேசாமல் பார்த்தாள். “இது அம்மாச்சியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

“அம்மாச்சி இப்பிடி நிக்க மாட்டாங்கம்மா. ஒரு கைய இடுப்புல வச்சிருப்பாங்க. தலைய லேசாச் சாச்சு, எங்கயோ சத்தம் கேக்குற மாதிரி.”

பூதக்கண்ணாடியை நெற்றியில் இறக்கிக்கொண்டு, காய்ந்த எம்-சீலைச் சுரண்டி, கம்பியை நிமிர்த்தினேன். “எந்தக் கை?”

“இடது. வலது கைல எப்பவும் ஏதாச்சும் இருக்கும்.”

“என்ன இருக்கும்?”

யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.