பாலவாக்கம் மணலில் ஒரு மோதிரம்

இரண்டு நாளாக ஆளைக் காணோமே என்று கேட்டவர்களுக்குப் பதில்: பாலவாக்கம் கடற்கரையில் மணல் தோண்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவி கவனித்தார், விரலில் மோதிரம் இல்லை. என் அம்மா போட்டிருந்த மோதிரம். சர்க்கரை வந்து உடம்பு இளைத்ததில் தளர்ந்துபோயிருந்தது. நூல் சுற்றித் தருகிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவன் நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடவும் இல்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறார். போன் செய்தேன், விடிகாலையிலேயே வந்துவிட்டார். சாலை முடிகிற இடத்தில் செருப்பை உதறும்போதுதான் கழன்றிருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். மனைவி, "இல்லீங்க, படகுங்க கிட்ட கையில ஒட்டின மண்ணத் தட்டினேன்" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

ஈர மணலில் வைத்ததுமே ஒவ்வொரு அலைக்கும் கருவி ஊளையிட்டது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா, அதையே உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு நம் கருமணல். அந்தக் காலத்தில் பிள்ளைகளை இதே மணலில் காந்தத்தை இழுக்கச் சொல்வேன்; மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். "அதே மணல்தான் சார் இப்ப ஏமாத்துது" என்று சிரித்தார். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தார். சுருளை மணலுக்கு மேல் ஏற்றி இறக்கி, மண்ணின் சத்தம் அடங்கும்வரை சரிசெய்தார். என் செல்போனையும் தூர வைக்கச் சொன்னார்.

பிறகு எனக்குப் பாடம். சத்தம் வந்த இடத்தில் ஒரு தடவை வீசிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று இன்னொரு தடவை வீச வேண்டும். இரண்டு முறையும் அதே இடத்தில் தெளிவாகக் கேட்டால் தோண்டலாம். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் கரகரத்தால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி.

எனக்கோ இடுப்பு வலி. "ஏம்ப்பா, இரும்பு மாதிரி சில்வர் பேப்பரையும் ஒதுக்கிட்டா என்ன?" என்றேன். "அதோட உங்க மோதிரமும் போயிடும் சார்." மெல்லிய தங்க மோதிரத்துக்கும் சிகரெட் பெட்டித் தாளுக்கும் கருவி ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு தாளையும் தோண்டினோம். பாட்டில் மூடிகள் (எந்தப் பாட்டில் என்று கேட்காதீர்கள்), டின் வளையம், மீன்வலை ஈயக்குண்டு. ஒரு ரூபாய் நாணயத்தை இரும்பு என்றது. அதைக் குறை சொல்ல முடியாது. 1992 முதல் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகில் வருகிறது, காந்தத்தில் ஒட்டும்.

மதியம்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. டீ குடிக்கும்போது, பழக்கதோஷம், நான் கதை ஆரம்பித்தேன். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது உடம்பில் தங்கிய குண்டைத் தேட, டெலிபோன் கிரஹாம் பெல் இதே மாதிரி ஒரு கருவியுடன் போனார். மெத்தையிலிருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் குழப்பிவிட்டதாகச் சொல்வார்கள். அது போதாதென்று, குண்டு வலப்பக்கம்தான் என்று டாக்டர் பிடிவாதமாக அங்கேயே தேடவைத்தார். குண்டு கிடந்தது இடப்பக்கம்.

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். மாணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை படகுகள் பக்கம் போனோம், மனைவியும் வந்தார். மங்கலாக ஒரு சத்தம். திருப்பி வீசினாலும் அதே இடம். இன்னொரு சில்வர் பேப்பர் என்று அலுத்துக்கொண்டேதான் தோண்டினேன். நாலு விரற்கடை ஆழம்கூட இல்லை.

மனைவி வாங்கி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். "படகு கிட்டன்னு சொன்னேனே" என்றார். அவ்வளவுதான்.

நேற்றே நூல் சுற்றியாயிற்று.

பி.கு.: தேடும்போது ஒற்றை வெள்ளி மெட்டி ஒன்றும் கிடைத்தது. உரியவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.