முதலாம் எதிரியின் கொப்பி

2011 ஆகஸ்ட் மாதம் மட்டக்களப்பில் இருட்டிய பிறகு வெளியே நின்றாலே ஆள் சந்தேகத்துக்குரியவன். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் ஒருவன் பெண்களைத் தாக்கிவிட்டு ஓடுகிறான் என்ற கதை நாட்டின் பல பக்கங்களிலும் கிளம்பி, கிழக்கில் நெருப்பாய்ப் பிடித்திருந்தது. ஊருக்கு ஊர் இளந்தாரிகள் பொல்லுகளோடு விடிய விடியக் காவல் இருந்தார்கள். பிடிபட்டவனைப் பாதுகாப்புத் தரப்பே தப்ப விடுகிறது என்று நம்பி, சில ஊர்களில் சனம் பொலிஸ் நிலையங்களையும் முகாம்களையும் வளைத்துக்கொண்டது.

அந்த மாதம் பார்த்துத்தான் என் கட்சிக்காரர்கள் நால்வர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கூடாரம் அடித்துப் படுத்தார்கள்.

நால்வரும் நகரத்துப் பிள்ளைகள். ஒருவர் வங்கியில் வேலை, ஒருவர் ஆசிரியர், மற்ற இருவரும் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். கிழக்குக் கரையான எழுவான்கரையில் வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு மேற்குக் கரை கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது. சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, மூடிய துறைகள் என்று அவர்களுடைய பிள்ளைப் பருவம் போய்விட்டது. இப்போது வழி திறந்திருந்தது. ஒரு போயா வார இறுதி, நல்ல நிலவு, கோடை வெயிலில் காய்ந்த தரை. நடந்து பார்ப்போம், ஓர் இரவு வெட்டவெளியில் தங்குவோம் என்று கிளம்பினார்கள். அதற்கு மேல் அவர்களிடம் நோக்கம் எதுவும் இருக்கவில்லை. அதுதான் பிறகு எனக்குத் தலையிடியாகவும் வந்தது.

மண்டூருக்கும் முனைக்காட்டுக்கும் இடையில் ஓர் ஊர். இரவு பத்து மணிக்குப் பிறகு, வாவிக்கரையில் நைலோன் துணிக்குள் ரோச் வெளிச்சம் அசைவதை வயல் காவலுக்கு இருந்த முல்லைக்காரன் கண்டிருக்கிறார். மறுகா என்ன, ஊரே வந்தது. நால்வருக்கும் அடி விழுந்தது. ஒருவருக்குக் கை வீங்கியது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் இடையில் புகுந்து பொலிசில் ஒப்படைத்தபடியால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அடுத்த நாள் நீதவான் முன் கொண்டுவந்தபோது இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன: தண்டனைச் சட்டக்கோவையின் 433ஆம் பிரிவின்படி குற்றமுறை அத்துமீறல், அதோடு 1841ஆம் ஆண்டின் வேகரன்ட்ஸ் ஓடினன்ஸ்.

பெற்றோர் பயந்தது இந்த இரண்டுக்கும் அல்ல. அவசரகாலச் சட்டம் அன்று இன்னும் அமுலில் இருந்தது. பையில் கயிறு, கத்தி, ரோச், கையால் கீறிய ஒரு வரைபடம். சாதாரணச் சட்டத்தில் பொலிசார் 24 மணித்தியாலத்துக்குள் ஆளை நீதவானிடம் கொண்டுவர வேண்டும். அவசரகால விதிகளுக்குள் போட்டால் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. வரைபடத்தில் அங்கங்கே வட்டங்கள் இருந்தன. அவை என்ன என்று நிலையத்தில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் கிணறுகள். வாவித் தண்ணீர் உவர், குடிக்க ஏலாது. எந்தக் கோயிலில், எந்தப் பள்ளிக்கூடத்தில் நல்ல கிணறு இருக்கிறது என்று தெரியாமல் ஆகஸ்ட் வெயிலில் படுவான்கரையில் நடப்பவன் பைத்தியக்காரன்.

அந்த வரைபடம் இருந்த கொப்பிதான் இந்த வழக்கு. வங்கிக்காரர், அதாவது முதலாம் எதிரி, எல்லாவற்றையும் எழுதிவைக்கும் சுபாவக்காரர். சான்றுப்பொருளாகப் பொலிசார் கையளித்த கொப்பியை நீதிமன்றத்தில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் பக்கத்தில் பஸ். மட்டக்களப்போடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே பஸ்தான். பகலில் கல்முனை பஸ் எடுத்து குருமண்வெளியில் இறங்குவது, அங்கே படகுப்பாதை ஏறி மண்டூர் போவது, கந்தன் கோயிலடியில் போத்தல்களை நிரப்பிக்கொண்டு வடக்கே நடப்பது. இரவு தங்கி, மறுநாள் கொக்கட்டிச்சோலை, பிறகு மண்முனைத் துறையில் பாதை ஏறி மீண்டும் எழுவான்கரை, வந்த பஸ்ஸில் வீடு. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது; அன்று பாதை நின்றுவிட்டால் நடந்தவன் அக்கரையில்தான். அதனால் இடையில் ஏதாவது பிழைத்தால் அம்பிலாந்துறையில் பாதை பிடித்து குருக்கள்மடத்துக்கு வருவது என்று மாற்றுவழியும் எழுதியிருந்தது. மோட்டார் சைக்கிள் ஏன் எடுக்கவில்லை என்று பொலிசார் கேட்ட கேள்விக்கு விடையும் அதிலேயே இருந்தது. வண்டியில் போனால் விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு துறையில் இறங்கி இன்னொரு துறையில் ஏறுகிறவனுக்குத் தன் வண்டி சுமை.

அடுத்த பக்கம் படுக்கும் இடம். தண்ணீர்க் கரையிலிருந்து நூறு அடியாவது தள்ளி, முதலைக்காக. காட்டுப் பக்கம் ஒதுங்காமல், யானைக்காக. போரதீவுப்பற்றுப் பக்கம் யானை வயலுக்குள் இறங்கும் காலம் அது. நெருப்பு மூட்டுவதில்லை, பாணும் சம்பலும் வாழைப்பழமும். காலை ஆறு மணிக்குக் கூடாரத்தைக் கழற்றுவது. குப்பையைக் கட்டிக் கையோடு கொண்டுவருவது. மர்ம மனிதனை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணவில்லை. நகரத்தில் அது பேப்பர் செய்தி, படுவான்கரையில் அது பக்கத்து வளவு.

அத்துமீறல் குற்றச்சாட்டு எனக்குக் கஷ்டமாகப் படவில்லை. சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு, பிறர் வசமிருக்கும் இடத்துக்குள் நுழைவதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. ஒரு தவறு செய்யவோ, அங்கே இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். எண்ணத்தை நிரூபிப்பது வழக்குத் தொடுப்பவரின் சுமை. இங்கேயோ எதிரிகளின் எண்ணம் நேரவாரியாக, எதிரியின் சொந்தக் கையெழுத்தில், வழக்குத் தொடுத்தவர்களே கையளித்த கொப்பியில் கிடந்தது. அதில் எங்கேயும் எவரையும் எரிச்சலூட்டும் திட்டம் இல்லை.

இடம் யார் வசம் என்பதும் சும்மா விடக்கூடிய கேள்வி அல்ல. கூடாரம் நின்றது வயலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மேய்ச்சல் தரையில். மாரி பெய்து வாவி ஏறினால் அது தண்ணீர். அதே வருடம் ஜனவரி வெள்ளத்தில் அங்கே தோணி ஓடியிருக்கும். கோடையில் மாடு மேயும். பக்கத்து வயலின் போடியார் தன்னுடையது என்றார், உறுதியைக் கொண்டுவரச் சொன்னபோது எல்லை வாவி என்று இருந்தது. வாவி எந்த மாதத்து வாவி என்று நான் கேட்டேன். நீதவான் சிரித்தாரே தவிர அதற்குள் இறங்கவில்லை.

வேகரன்ட்ஸ் ஓடினன்ஸ்தான் சுவையானது. திண்ணையிலோ, வெளிக்கொட்டிலிலோ, கொட்டகையிலோ, ஆளில்லாத கட்டடத்திலோ, வண்டியிலோ, வாகனத்திலோ, ஆள் ஒடுங்கக்கூடிய வேறெதிலுமோ, அதன் உரிமையாளரின் அனுமதியில்லாமல் தங்கி, கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு வழியும் இல்லாமல், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கமும் கொடுக்காதவன் குற்றவாளி. இங்கிலாந்தில் வேலையற்று அலைந்த ஏழைகளை அடக்கப் போட்ட சட்டத்தின் சாயல் இது. கூடாரம் என்ற சொல் பட்டியலில் இல்லை. அப்படியானால் அது ‘வேறெதிலும்’ என்பதற்குள் அடங்குமா? சில பொருட்களை வரிசையாகச் சொல்லிக் கடைசியில் பொதுச்சொல் ஒன்றைப் போட்டால், அந்தப் பொதுச்சொல் முன்சொன்னவற்றின் இனத்துக்குள்தான் நிற்கும் என்பது நாங்கள் சட்டக்கல்லூரியில் படித்த விதி. திண்ணையும் வண்டியும் பிறருடைய சொத்தாக முன்பே அங்கே நிற்பவை. கூடாரத்தைக் கொண்டுவந்தவனே அவன்தான்.

“சரி, அடங்கும் என்றே வைத்துக்கொள்வோம். உரிமையாளரின் அனுமதி?” என்றார் நீதவான்.

“கூடாரத்தின் உரிமையாளர் இரண்டாம் எதிரி, ஐயா. புறக்கோட்டையில் வாங்கிய ரசீது இருக்கிறது. மற்ற மூவருக்கும் அவர் அனுமதி கொடுத்திருந்தார்.”

அன்று நீதிமன்றத்தில் பொலிஸ் உத்தியோகத்தர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மூன்று கூறுகளும் ஒன்றாக நிரூபிக்கப்பட்டால்தான் குற்றம். வங்கிச் சம்பளத் துண்டு பிழைப்புக்குச் சாட்சி. கொப்பி விளக்கத்துக்குச் சாட்சி.

இந்த இடத்தில் ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். முதல் தவணைக்கு முன் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “நேர்த்திக்கு மண்டூருக்கு நடந்தவங்கள் என்று சொல்லிவிடு தம்பி, இன்றைக்கே முடியும்” என்றார். அவர் சொன்னதில் உலக அனுபவம் இருந்தது. கதிர்காமத் திருவிழாவுக்கு வருடாவருடம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து பாதயாத்திரை இந்த வழியாகத்தான் இறங்குகிறது: வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், உகந்தை. யுத்தம் அதை நிறுத்தியது, பிறகு யாத்திரை மீண்டும் தொடங்கியது. யாத்திரிகர்கள் கோயில் வீதியில் படுப்பார்கள், மரத்தடியில் சமைப்பார்கள். சனம் ‘சாமி’ என்று கூப்பிட்டுச் சோறு போடும். உகந்தைக்கு அப்பால் குமணவும் யாலவும் தேசியப் பூங்காக்கள். சாதாரண நாளில் அனுமதி இல்லாமல் கால் வைத்தால் குற்றம். யாத்திரைக் காலத்தில் அந்தக் காட்டுப்பாதையே திறக்கப்படுகிறது. 1841ஆம் ஆண்டுச் சட்டம்கூடப் பிச்சை எடுப்பவரைத் தண்டிக்கும் வரியில் குருமாரையும் யாத்திரிகரையும் விலக்கிவைத்திருக்கிறது. கடவுளுக்காக நடப்பவனை எங்கள் சட்டத்துக்கும் ஊருக்கும் நன்றாகத் தெரியும். சும்மா நடப்பவனை இரண்டுக்கும் தெரியாது.

முதலாம் எதிரி மறுத்துவிட்டார். மண்டூரில் கும்பிட்டது உண்மை, ஆனால் அதற்காக வரவில்லை என்றார். எனக்கும் அது நிம்மதி. கொப்பியை நம்பி நிற்கும் வழக்கில் கொப்பியில் இல்லாததைச் சொல்ல முடியாது.

முல்லைக்காரர் சாட்சிக்கு வந்தபோது மரத்தடியில் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “என்ன கா ஐயா, வீடு வாசல் இரிக்கிற பிள்ளையள் ஏன் இஞ்ச வந்து படுக்கணும்? கோயிலுக்கு நடக்கிறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அடியே விழுந்திராது. களவெட்டியில சூடு கிடக்கு. ஒரு பொறி பறந்தா ஆரு பதில்?” வெட்டி அடுக்கிய நெல்லுச் சூட்டுக்கு நெருப்புப் பிடித்தால் ஒரு போகம் போச்சு. அவர் பயத்தில் பிழை இல்லை. அடித்தவர்கள் மேல் முறைப்பாடு கொடுக்கட்டுமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். கொடுக்கலாம், சட்டம் இடம் தரும், ஆனால் அந்த மாதத்தில் அந்த ஊர் தூங்கவேயில்லை என்பதையும் யோசியுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் முடிவோடு அவசரகாலச் சட்டம் காலாவதியானது. அடுத்த தவணைக்குள் கிறீஸ் பூதமும் அடங்கிவிட்டது. போடியார் தனக்கு வழக்கில் அக்கறை இல்லை என்றார். பொலிசாரும் மேலே கொண்டுபோக விரும்பவில்லை. நால்வரும் விடுவிக்கப்பட்டார்கள். அரசியலமைப்பின் 14(1)(h) இலங்கைக்குள் நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறதே, உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று ஆசிரியர் கேட்டார். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். நான்கு தகப்பன்மாரும் போதும் என்றார்கள். அது முடிந்தது.

2025 மே 21ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் கொடுத்த டார்ட்மூர் தீர்ப்பைப் படித்தபோது அந்தக் கொப்பியைத்தான் நினைத்தேன். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்துப் புல்மேடு அது. 1985இல் அதற்கென்றே ஒரு சட்டம்: பொதுவெளியில் கால்நடையாகவும் குதிரையிலும் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காகச் செல்ல மக்களுக்கு உரிமை உண்டு. நடப்பது பொழுதுபோக்கு, தூங்குவது எப்படிப் பொழுதுபோக்கு என்று நிலச்சொந்தக்காரர்கள் வழக்காடி, 2023 ஜனவரியில் வென்று, அதே வருடம் ஜூலையில் மேன்முறையீட்டில் தோற்றார்கள். கடைசியில் சேல்ஸ் பிரபுவும் ஸ்டீவன்ஸ் பிரபுவும் எழுதிய ஏகமனதான தீர்ப்பு, கூடாரத்தில் இரவு தங்குவதும் பொழுதுபோக்குக்குள் அடங்கும், ‘கால்நடையாகவும் குதிரையிலும்’ என்பது போகும் விதத்தைச் சொல்கிறதே தவிர போய்ச் செய்வதைக் கட்டுப்படுத்தவில்லை என்றது. நெருப்பு, குப்பை பற்றிய பயம் அங்கேயும் பேசப்பட்டது; அதற்கு உபவிதிகள் இருக்கின்றன. எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே வாதாட ஒரு சட்டவரி இருந்தது. எங்களிடம் இருந்தது கூடாரத்தின் ரசீது.

இன்றும் வாவியோரம் நடக்கப் போகிறோம் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், கிராம சேவகரிடம் சொல்லுங்கள், பொலிசில் ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள், காணிக்காரரிடம் வாயாலாவது கேளுங்கள் என்கிறேன். முக்கியமாக, இரவில் வயல் காவலில் இருப்பவரிடம் போய் முகத்தைக் காட்டிவிட்டுப் படுங்கள். இதில் எதையும் சட்டம் கேட்கிறது என்று என்னால் பிரிவு காட்ட முடியாது. கடைசியை முல்லைக்காரர் கேட்கிறார்.

கூடாரம் அந்தப் பட்டியலின் ‘வேறெதிலும்’ என்பதற்குள் அடங்குமா என்பதற்கு அன்று தீர்ப்பு எழுதப்படவில்லை. எழுதியிருந்தாலும் நீதவான் நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு நீதவானைக் கட்டாது. நாளைக்கு அதே மேய்ச்சல் தரையில் இன்னொருவர் பிடிபட்டால், ரசீது எங்கே என்பதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.