தலைப்பெழுத்துக்கும் ஓர் இடம்

பெயருக்கு முன்னே தந்தையின் பெயரை ஓரெழுத்தாகச் சூடிக்கொள்வது நம் வழக்கம். இங்கே விண்ணப்பத் தாள் நிரப்பும்போதெல்லாம், 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின் முன் நான் திகைத்ததுண்டு. நண்பர்களே, நீங்களும் திகைத்திருப்பீர்கள்!

அத்திகைப்பு இப்போது பள்ளிச் சிறாரையும் தொட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பெற்றோர் இசைவுடன் மாணவருக்கு 'அபார்' என்னும் 12 இலக்க எண் தருகிறார்கள். மதிப்பெண்ணும் சான்றிதழும் அதில் சேரும்; பள்ளி மாறினாலும் உடன்வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பள்ளிப் பதிவேட்டுப் பெயரும் ஆதார்ப் பெயரும் ஒத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் தலைப்பெழுத்து, மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயர் என்றால் வேலை நின்றுவிடுகிறது. பெற்றோர் திருத்தத்திற்கு அலைகின்றனர். ஆசிரியர் பாடத்தை விட்டுக் கணிப்பொறியின் முன் அமர்கிறார். அவர் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொழிற்பயிற்சி பெறவேண்டும் என்பதும் அதே கொள்கைதான்! நேரத்திற்கு எங்கே போவார்?

ஏடு பிள்ளைக்காகவா, பிள்ளை ஏட்டிற்காகவா? நம்மில் சிலர் நாளை ஆசிரியராவோம், சிலர் அதிகாரியாவோம். அன்று படிவம் வரையும் கை நம்முடையதானால், தலைப்பெழுத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குவோம்.