சைக்கிளும் செம்மறியும்

மலைக்கு மேலே ஒரு சமவெளி இருக்கிறது என்றால் வாசகர்கள் நம்பிவிடுவார்கள். அந்தச் சமவெளியில் செம்மறி ஆடுகள் மேய்கின்றன என்றாலும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் ஐம்பத்தெட்டு வயதான நாம் அதே சமவெளியில், சரளைக்கல் பரவிய பாதையில், மூன்று நாள் சைக்கிள் விட்டோம் என்று சொன்னால், "சரிதான் ஐயா, மேலே சொல்லும்!" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நமது வீட்டிலும் அப்படித்தான் சிரித்தார்கள்.

இந்த விபரீதத்துக்கெல்லாம் காரணம் நமது மருமான். அதாவது தமக்கையின் புதல்வன். இத்தாலி தேசத்தின் நடுப்பகுதியில் அப்ருட்ஸோ என்ற மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகரம் லாக்விலா. அதற்கு அருகில் கிரான் ஸாஸ்ஸோ என்னும் மலைக்கு அடியில், 1,400 மீட்டர் கல்லைத் தலைமேல் தாங்கிக்கொண்டு ஒரு பௌதிக ஆராய்ச்சிசாலை இருக்கிறது. ஆகாயத்திலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்களில் பெரும்பாலானவற்றை மலை தடுத்துவிடுகிறது. அந்த அமைதியில் அணுவினும் நுண்ணிய துகள்களின் காலடி ஓசைக்குக் காது கொடுத்துக் காத்திருப்பதே நமது மருமானின் உத்தியோகம்.

"வாரம் முழுவதும் மலைக்கு அடியில் இருக்கிறேன், மாமா. விடுமுறையிலாவது மலைக்கு மேலே இருக்க வேண்டாமா? நீங்களும் வாருங்கள்" என்று எழுதினான். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் போய்ச் சேர்ந்தோம்.

லாக்விலாவில் நம்மை வரவேற்றவை மாதாகோயில் கோபுரங்கள் அல்ல. பாரம் தூக்கும் கிரேன்கள். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி அதிகாலை 3 மணி 32 நிமிஷத்துக்கு வந்த பூகம்பத்தில் 309 பேர் மாண்டார்கள். பதினான்கு வருஷங்களுக்குப் பிறகும் ஊர் தன்னைத்தானே கட்டிக்கொண்டிருந்தது.

மருமான் நமக்காக வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஹாண்டில்பார் பந்தய சைக்கிளைப்போல் ஆட்டுக்கடாவின் கொம்பாக வளைந்திருந்தது. டயர் மட்டும் பந்தய சைக்கிளினுடையதைவிடப் பருமன். அதன் உள்ளே டியூப் கிடையாது. நம் ஊரில் சைக்கிள் கடைக்காரர் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் நாலு அடி அடிக்கட்டுமா, ஸார்?" என்றுதான் கேட்பார். இங்கேயோ, சரளைப் பாதை வந்ததும் மருமான் குனிந்து உட்கார்ந்து, காற்றைப் புஸ்ஸென்று வெளியே விட்டான். "காற்று அதிகமாக இருந்தால் டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் துள்ளும், மாமா. குறைத்தால் கல்லைத் தழுவிக்கொண்டு போகும்" என்றான். முறுக்கிக்கொண்டு நிற்கிறவனைவிட விட்டுக்கொடுக்கிறவனே கரடுமுரடான வழியில் நெடுந்தூரம் போவான் என்பதை நமது மருமான் வாயால் கேட்க நேர்ந்தது. வேறு விஷயங்களில் அவன் அப்படியொன்றும் விட்டுக்கொடுக்கிறவன் அல்ல.

முதல் நாள் ஏற்றம், வேறு பேச்சில்லை. லாக்விலா கடல் மட்டத்துக்குச் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்று மாலை நாம் சேரவேண்டிய ஸாண்டோ ஸ்டெபானோ கிராமமோ 1,250 மீட்டரில் இருந்தது. மருமான் முன்னால் பாடிக்கொண்டு போனான். நாம் பின்னால் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு போனோம்.

ஸாண்டோ ஸ்டெபானோ முழுவதும் கல். சுவர் கல், தெரு கல். வீட்டுக்கு அடியில் தெரு சுரங்கமாக நுழைந்து மறுபுறம் வெளிப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஊர் புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி வம்சத்தாரின் வசம் வந்தது. மலை ஆட்டின் கம்பளியில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. கம்பளி புளோரன்ஸுக்குப் போயிற்று. புகழும் அங்கேயே போயிற்று. இடையனுக்கு மலையும் குளிரும் மிஞ்சின. அவர்கள் பெயரால் விளங்கிய கோபுரம் 2009 பூகம்பத்தில் இடிந்து விழுந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இவ்வூரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தார்கள். இப்போது ஏறக்குறைய நூறு பேர். மோட்டார் சைக்கிளில் இப்பக்கம் வந்த ஒரு செல்வர் ஊரின் அழகில் மயங்கி, காலி வீடுகள் பலவற்றை வாங்கி, கல்லையும் கரி படிந்த சுவரையும் மாற்றாமல், வீட்டுக்கு ஓர் அறை இரண்டு அறை என்று ஊரையே ஒரு சத்திரமாக்கிவிட்டார். நாம் அங்கே தங்கவில்லை. நமது மணிபர்ஸ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சாதாரணமான ஒரு விடுதியில், அவ்வூர் நிலத்தில் விளைந்த பருப்புக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தோம். மைசூர்ப் பருப்பைத் தோல் உரிக்காமல் மிளகளவுக்குச் சிறிதாக்கினால் எப்படியோ, அப்படி ஒரு பருப்பு. அதன் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

மறுநாள் காலையில் காம்போ இம்பெராத்தோரேயை அடைந்தோம். சக்கரவர்த்தியின் மைதானம் என்று அதற்கு அர்த்தம். ஏறக்குறைய 1,500 மீட்டரிலிருந்து 1,900 மீட்டர் உயரம் வரையில், சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு, மரமே இல்லாத புல்வெளி. ஒரு பக்கத்தில் 2,912 மீட்டர் உயரமுள்ள கோர்னோ கிராண்டே சிகரம் மொட்டைப் பாறையாக நிற்கிறது. இதை இத்தாலியின் சின்ன திபெத் என்கிறார்கள். இதன் மேற்குக் கோடியிலுள்ள ஹோட்டலில்தான் 1943ஆம் ஆண்டு முஸோலினியைச் சிறை வைத்திருந்தார்கள். செப்டம்பர் 12ஆம் தேதி ஜெர்மானியர் கிளைடர் விமானங்களில் வந்து இறங்கி அவரைக் கொண்டுபோனார்கள். 1999ஆம் ஆண்டு மார்கோ பாண்டானி என்ற சைக்கிள் வீரர் இத்தாலியப் பெரும் பந்தயத்தில் இந்த ஏற்றத்தை ஏறி ஜயித்தார். சர்வாதிகாரியின் பெயரைவிட அவருடைய பெயரைச் சொல்லும்போதே மருமானுக்கு முகம் மலர்ந்தது.

தார் ரோட்டை விட்டுச் சரளைப் பாதையில் திரும்பினோம். சக்கரத்தின் கீழே கல் நறநறவென்று பேசிற்று. வேறு சப்தமே இல்லை. காற்று முதுகில் தள்ளிற்று. நமக்கு வயது ஐம்பத்தெட்டு என்பது மறந்துபோயிற்று. அப்போதுதான் மருமான் கையை உயர்த்தி, "மாமா, இறங்குங்கள்! மிதிக்காதீர்கள்!" என்றான்.

தூரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தவற்றை எல்லாம் ஆடு என்று எண்ணியிருந்தோம். அவற்றில் ஐந்து மட்டும் எழுந்து நம்மை நோக்கி ஓடிவந்தன. அவை ஆடுகள் அல்ல. கன்றுக்குட்டி பருமனுள்ள வெள்ளைக் காவல் நாய்கள். இந்த மலையில் ஓநாய்கள் உண்டு. மந்தையோடு பிறந்து மந்தையோடு வளரும் இந்த நாய்கள் ஓநாய்க்கு அஞ்சுவதில்லை. சிலவற்றின் கழுத்தில் ஓநாய் கடிக்காமல் இருக்க இரும்பு முள் பட்டை கூட இருந்தது. வேகமாக உருண்டு வரும் எந்த வஸ்துவும் அவற்றுக்குச் சத்துருதான். நாம் சைக்கிளை விட்டு இறங்கி, அதையே வேலியாக நடுவில் நிறுத்திக்கொண்டு, அசையாமல் நின்றோம். அசையாமல் நின்றோம் என்பது ஒரு மரியாதைக்குச் சொன்னது. முழங்கால் அசைந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு நிமிஷத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது. நாய்கள் உடனே சாதுக்களாகிவிட்டன. கையில் கோலோடு இடையர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் இத்தாலியர் அல்ல. வட மாஸிடோனியாவிலிருந்து வந்தவர். "இவ்வூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை, நாங்கள்தான் வருகிறோம்" என்றார். பிறகு நம்மையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்து, வெகு அக்கறையாக ஒரு கேள்வி கேட்டார். மருமான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்:

"இதற்கு உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறார், மாமா."

யாரும் கொடுப்பதில்லை, நாமே பணம் கொடுத்து இப்படி அவதிப்படுகிறோம் என்று சொல்லச் சொன்னோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், பையிலிருந்து ஆட்டுப்பால் கட்டியை எடுத்து அறுத்து நமக்கும் கொடுத்தார். அரை மணி நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில் இருக்கிறார்களாம். வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலை காஸ்டெல் டெல் மோண்டே என்ற கிராமத்துக்கு இறங்கினோம். இடையர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அங்கே கிடைத்தது. வாயிற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் விடுதிக்கு வழி கேட்டோம். எண்பத்தாறு வயது. வழியைச் சொல்லிவிட்டு, "எல்லாரும் வழி கேட்கிறார்கள், ஒருவரும் உட்காருவதில்லை" என்றார். உட்கார்ந்தோம்.

அவருடைய தகப்பனார் பத்து வயதில் முதன்முதலாக ஆட்டுடன் நடந்தவராம். இலையுதிர் காலத்தில் மந்தைகள் மலையை விட்டு இறங்கி, தெற்கே பூலியா சமவெளிக்குப் போகும். வசந்தத்தில் திரும்பி ஏறும். லாக்விலாவிலிருந்து போஜ்ஜா என்ற நகரம் வரையில் 244 கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய ஆட்டுப் பாதை அதற்காகவே இருந்தது. அதன் அகலம் 111 மீட்டர்! அவ்வளவு அகலம் ஆட்டின்மேல் இருந்த அன்பினால் அல்ல. 1447ஆம் ஆண்டு நேபிள்ஸ் அரசர் அல்போன்ஸோ ஆட்டுக்குத் தலைவரி ஏற்படுத்தி, அதை வசூலிக்க ஏற்பாடு செய்தார். 1806 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. பாதையைக் காத்தது கஜானா; பாதையில் நடந்தது பத்து வயதுப் பையன். மந்தையோடு பருவந்தோறும் இடம் பெயரும் இந்த வழக்கத்தை 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

"யார் சேர்த்தார்கள்?" என்று கேட்டார் மூதாட்டி. சொன்னோம். "என் அப்பாவுக்கு ஒரு ஜோடிப் பூட்ஸ் கொடுத்திருக்கலாம்" என்றார்.

ஆட்டுத் தொழில் க்ஷீணித்தபோது அவருடைய தமையனார் பெல்ஜியத்துக்குச் சுரங்க வேலைக்குப் போனார். 1946ஆம் ஆண்டு இத்தாலிய சர்க்கார் பெல்ஜியத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இத்தாலி ஆட்களை அனுப்ப வேண்டியது. பெல்ஜியம் நிலக்கரி கொடுக்க வேண்டியது. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் தேதி மார்ஸினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் மாண்டார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். அந்த 136 பேரில் 60 பேர் இந்த ஒரு மாகாணத்தவர். மூதாட்டியின் தமையனார் வேறு சுரங்கத்தில் இருந்ததால் தப்பினார். ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கேயே மணம் செய்துகொண்டு அங்கேயே காலமானார்.

மூதாட்டி தெருவைக் காட்டினார். "ஆகஸ்டு மாதத்தில் இந்தத் தெருவில் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியும். பேரப்பிள்ளைகள் வருவார்கள். பனி விழுந்த பிறகு நான் எண்ணுவேன். போன வருஷம் ஏழு" என்றார்.

மூன்றாம் நாள் ரோக்கா கலாஷோவுக்குப் போனோம். 1,460 மீட்டர் உயரத்தில், நான்கு மூலையிலும் உருண்டைக் கோபுரங்களுடன் வெள்ளைக் கல் கோட்டை நிற்கிறது. அதன் அடியிலிருந்த கிராமம் 1703ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்தது. பலர் கீழே இறங்கினார்கள். நாளடைவில் மிச்சமிருந்தவர்களும் போய்விட்டார்கள். இங்கே சினிமாக்கள் எடுத்திருக்கிறார்கள். அன்றும் வாலிபர் கூட்டம் ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இந்தக் கிராமத்தைப் புனருத்தாரணம் செய்ய, 2022ஆம் ஆண்டு இத்தாலிய சர்க்கார் 2 கோடி யூரோ ஒதுக்கிற்று. கல்லைத் தூக்கி நிறுத்தப் பணம் போதும். ஜன்னலில் விளக்கேற்ற ஆள் வேண்டுமே!

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வரும்போது இதையே யோசித்தோம். நம்மைப் போன்றவர்கள் வந்து போவதனால் இந்த ஊர்கள் பிழைக்குமா? ஒரு வேளை விடுதிக்காரர் பிழைப்பார். பருப்பு விளைவிப்பவர் பிழைப்பார். அது அற்ப விஷயமல்ல. ஆனால் நமக்கு விளையாட்டாக இருக்கும் அந்தக் கல் பாதை பிறர் பசிக்காக நடந்து நடந்து உண்டான பாதை. அதில் சக்கரம் உருட்டுகிறவன், வழியில் இரண்டு இடத்திலாவது இறங்கி உட்கார்ந்து, நடந்தவர்களின் கதையைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். வாடகை என்று கொடுத்தது சைக்கிளுக்குத்தான். பாதைக்குக் கொடுக்க வேண்டியது இதுவே. நாம் மூன்று நாளில் போன தூரம் அதிகமில்லை. நமக்கு நினைவில் நிற்பதெல்லாம் இறங்கி நின்ற இடங்கள்தான். முதலில் நம்மை இறங்கச் செய்தவை நாய்கள் என்றாலும் அவற்றுக்கும் நன்றி.

ஊர் திரும்பும்போது இரண்டு கிலோ பருப்பு வாங்கிவந்தோம். வீட்டு அம்மாள் முறத்தில் கொட்டிப் புடைத்துப் பார்த்தாள். மிளகளவுப் பருப்பினிடையே மிளகளவுக் கற்கள் சில இருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து நமது உள்ளங்கையில் வைத்து, "பருப்புக்குத்தான் போனீர்கள் என்று நினைத்தேன். ரோட்டையும் கொஞ்சம் கொண்டு வந்திருக்கிறீர்களே!" என்றாள்.

அந்தக் கற்களை நாம் எறியவில்லை. மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் இருக்கின்றன.