தகரத்துக்குள் ஒரு கூரை

அரியலூர்ப் பக்கம் பேருந்தில் வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவை சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகள்தாம். என்றோ கடலாயிருந்த நிலத்தின் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுக்கும் உலைகள் அவை. அவற்றின் புகையை அரசு கவனிக்கிறது. கவனிப்பதற்கான ஏற்பாடாவது இருக்கிறது. சிமெண்ட் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களின் புகைபோக்கிகளில் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தும்படி 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. (அதனால் எங்கள் திண்ணையில் படியும் தூசி குறைந்ததா என்பது தனிக்கட்டுரைக்கான விஷயம்.)

நிற்க. நான் சொல்ல வந்தது வேறொரு புகைபோக்கியைப் பற்றி. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளிப் பெரம்பலூரில், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையோர உணவகங்களின் பின்சுவரில் ஏறிச்செல்லும் தகரக் குழாய். பரோட்டாவுக்காகக் காத்திருக்கும் நாம் இலையைப் பார்ப்போம், தம்ளரைப் பார்ப்போம். அடுப்புக்கு மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை.

என் தாய்மாமன் ஒருவர் அந்தச் சாலையில் உணவகம் நடத்துகிறார். புகை வெளியேறாமல் சமையற்கட்டிலேயே சுழல்கிறதென்று பரோட்டா மாஸ்டர் சண்டை போட்ட பிறகே, குழாயைச் சுத்தம் செய்ய ஆள் வரவழைத்தார். இருவர் வந்தனர். மூத்தவர் அரியலூரைச் சேர்ந்தவர். முன்பு சிமெண்ட் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகத் தூசி வடிகட்டும் பைகளைத் தட்டிக்கொண்டிருந்தவர். அடுப்பெல்லாம் அணைந்து ஆறிய பின், நள்ளிரவுக்கு மேல் வேலை தொடங்கியது. டார்ச் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

"சிமெண்டுத் தூசி தட்டினா உதிரும் சார். இது உதிராது. சுரண்டணும்" என்றார்.

அவர் சுரண்டியெடுத்தது தாரைப்போல் இருந்தது. கொதிக்கும் எண்ணெயின் ஆவி மேலேறி, குளிர்ந்த தகரத்தில் பட்டு மீண்டும் எண்ணெயாகிறது. அதில் கரியும் மாவுத்தூளும் ஒட்டுகின்றன. மறுநாள் சூடு அதை இறுக்குகிறது. குழாய் நேராக ஏறுமிடத்தைவிடக் கிடையாக ஓடுமிடத்திலும் வளைவுகளிலும்தான் அதிகம் சேரும். மாமா கடையில் பிரியாணிக்கு விறகடுப்பு. அதன் புகையும் அதே குழாயில். விறகுப் புகை தன் பங்குக்குப் பிசினைப் பூசுகிறது, கூடவே தீப்பொறியையும் அனுப்புகிறது.

அந்தக் கருப்பு எரியக்கூடியது. வாணலியில் எழும் ஒரு சுவாலையைக் குழாய் உள்ளிழுத்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ளோயரே தீக்குக் காற்றூட்டும். தகரம் பழுத்து, ஒட்டியிருக்கும் மரச்சட்டத்தையும் மின்கம்பியையும் பற்றவைக்கும். பதற்றத்தில் எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றினால் அது வெடித்துச் சிதறும்.

சமையற்கட்டுத் தீ மேல்நோக்கிப் பாய்ந்தால் என்னவாகும் என்பதைக் காவிரிக்கரையில் நாம் பார்த்திருக்கிறோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதற்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுகளை அகற்றினோம். கண்ணுக்குத் தெரிந்த கூரை என்பதால் அகற்ற முடிந்தது. தகரக் குழாய்க்குள் நாள்தோறும் தடித்து வளரும் இந்த இன்னொரு கூரை யார் கண்ணிலும் படுவதில்லை.

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 96ஆம் எண் தரநிலை இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. விறகடுப்பென்றால் மாதம் ஒருமுறை குழாயைச் சோதிக்க வேண்டும். இரவும் பகலும் சமைக்குமிடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நடுத்தரமென்றால் ஆறு மாதம். விறகுப் புகைக்குத் தனிக்குழாய் வேண்டும். திரும்புமிடங்களில் திறந்து பார்க்கக் கதவு வேண்டும். இதை மாமாவிடம் சொன்னேன். "தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறப்ப கழுவுவோம் மாப்ளே. அதுவும் கைக்கு எட்டுற வரைக்கும்" என்றார். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. குழாய் மாட்டியவரும் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சுத்தம் செய்தவரின் முன்கைகளில் வெளிறிய தழும்புகள். காஸ்டிக் சோடா தெறித்த இடங்கள் என்றார். பிசுக்கைக் கரைக்கும் அந்தக் காரம் தகரத்தின் துத்தநாகப் பூச்சையும் தின்னும்; பின் துரு, துளை, எண்ணெய்க் கசிவு. கையுறை கேட்டால் மறுமுறை வேறு ஆளைக் கூப்பிடுவார்களாம். லண்டனில் புகைபோக்கி துடைத்த தொழிலாளர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதியது 1775இல். தொழிலால் வரும் புற்றுநோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். புகைபோக்கிச் சிறுவர்களைப் பற்றிய பிளேக்கின் கவிதைகளை நம்மில் பலரும் வாசித்திருப்போம். நம்மூர்த் தகரத்துக்குள் தலையை நுழைக்கும் மனிதரைப் பற்றித் தமிழில் எதையும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை.

விடிவதற்குள் இரண்டு வாளி நிறைந்தது. மறுவாரம் கையுறையும் கண்ணாடியும் மாமாவே வாங்கித் தந்தார். வளைவுகளில் தகரத்தை வெட்டி, போல்ட் போட்டு இறுக்கும் மூடிகள் மூன்று வைத்தாயிற்று. விறகடுப்புக்குத் தனிக்குழாய் அடுத்த வருடமாம். நான்காவது வளைவு பக்கத்துக் கட்டடத்தின் சுவரை ஒட்டிப் போகிறது. அங்கே வெட்ட அந்தக் கட்டடக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.