மாத்திரை தந்த கனவு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் ஒரு கிராமத்து மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எச்ஐவி நோயாளிகள் எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். பிளேடால் கீறி மூலிகைத் தூள் தேய்த்த புதுத் தழும்பு கையில் தெரியும். பாரம்பரிய வைத்தியரான சங்கோமாவிடம் போனதாகச் சொன்னால் திட்டு விழும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து சூரணம் வரவழைத்துச் சாப்பிடும் நம் வீட்டுப் பெரியவர்களும் அதை இங்குள்ள மருத்துவரிடம் சொல்வதில்லை.

திட்டியதற்குக் காரணம் இருந்தது. ஒரே பிளேடு பலர்மேல் பட்டால் எச்ஐவி பரவலாம். உடலைச் சுத்தப்படுத்தக் கொடுக்கும் வாந்தி மருந்து, சற்றுமுன் விழுங்கிய மாத்திரையையும் வெளியே கொண்டுவந்துவிடும். இவற்றைவிடப் பெரிய ரணமும் ஒன்று உண்டு. அதிபர் தாபோ உம்பெக்கி, எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்தார். அரசு மருத்துவமனைகளில் ஏஆர்வி சிகிச்சை 2004இல்தான் பரவலாகத் தொடங்கியது. அந்தக் கொள்கையால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். என்னுடன் வேலை செய்த செவிலியரில் சிலர் கூடப் பிறந்தவர்களைப் புதைத்தவர்கள். மூலிகை என்றாலே அவர்களுக்கு ஆத்திரம் வரும்.

ஆனால் பூண்டைச் சிகிச்சையாகச் சொன்னது அமைச்சர், சங்கோமா அல்ல. அதே மாகாணத்தின் ஹ்லாபிசாவில், காசநோயாளிகள் மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் வேலையைப் பாரம்பரிய வைத்தியர்கள் செய்திருக்கிறார்கள். அவர்களை அங்கீகரிக்கும் சட்டம் 2007இல் வந்தது.

எங்கள் மருத்துவமனையும் அவர்களை இரண்டு நாள் பயிற்சிக்கு அழைத்தது. ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு, கையுறை, காசநோய் இருமலின் அடையாளம், மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் பேசினோம். அப்போது கொடுத்துவந்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அது சிலருக்கு நிஜம்போலவே கனவுகளைத் தரும் என்பதையும் சொன்னேன். சுலு மக்களுக்குக் கனவு என்பது முன்னோர் பேசும் வழி. அறையில் இருந்த வைத்தியர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர்களில் ஒரு கோகோ ஓர் இளம்பெண்ணைக் கையோடு கூட்டிவந்தார். கோகோ என்றால் பாட்டி. பெண் சங்கோமாவை இளையவரானாலும் அப்படி அழைப்பதுண்டு. செத்துப்போன அம்மா இரவெல்லாம் வந்து கூப்பிடுகிறாள் என்று அந்தப் பெண் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். எங்களிடம் சொல்லவில்லை, கோகோவிடம்தான் போயிருக்கிறாள். கனவு எப்போது தொடங்கியது என்று அவர் கேட்டிருக்கிறார். மாத்திரை தொடங்கிய வாரம் என்றாளாம்.

"இது உங்கள் மாத்திரையின் கனவு. முடிந்தால் மாற்றிக்கொடுங்கள். அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் கோகோ.

மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றினார். சில மாதங்களில் அவள் ரத்தத்தில் வைரஸ், பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்தது. இறந்துபோன அம்மா கனவில் வந்தால் அதை மருந்தாளுநரிடம் யார் சொல்வார்கள்?

எல்லா வைத்தியரும் அப்படியில்லை. எச்ஐவியைக் குணமாக்குவேன் என்று பணம் வாங்குபவர்களும் உண்டு. அதனால்தான் பயிற்சியில் அவர்களுக்கு வைத்த முதல் விதி: குணமாக்குவேன் என்று சொல்லக்கூடாது, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கும் ஒரு விதி இருந்தது: அனுப்பியவரைக் கேலி செய்யாமல், நோயாளி எப்படி இருக்கிறார் என்று அவருக்குப் பதில் எழுத வேண்டும். முதல் விதியை மீறிய வைத்தியர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். இரண்டாவதை மீறிய எங்கள் ஆட்களை ஒருவரும் கேட்கவில்லை. பதில் கிடைக்காத வைத்தியர்கள் ஆள் அனுப்புவதை மெல்ல நிறுத்திக்கொண்டார்கள்.