நிலைக்கதவு

கல்வராயன் மலைக்குக் கிழக்கே அமைந்த கள்ளக்குறிச்சி, மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்ற ஊர். 2021ஆம் ஆண்டில் அச்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றன. நிலைக்கதவு வாங்க வருவோர் முதலில் மரத்தைத் தட்டிப் பார்ப்பர். தேக்கோ வாகையோ, கறையான் அரிக்குமோ என வினவுவர். பின்னரே மேற்சட்டத்தில் திருமகளும் இருபுறம் யானைகளும் வேண்டுமென்பர். ஊரார் தம் இல்லத்தை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்னும் விழைவு அது, வீண்பகட்டெனத் தள்ளத்தக்கதன்று. 2009இல் ஒரு லட்ச ரூபாய் விலையில் அறிமுகமான நானோ கார் சிறு குடும்பத்தின் தேவைக்கு ஏற்றதே. ஆயினும் ‘மலிவுக் கார்’ எனப் பெயர்பெற்ற வண்டியில் செல்லப் பலர் மனம் கூசினர். பின்னர் அதன் உற்பத்தியே நின்றது. நிலை உளுக்காமலும் முகப்பு உள்ளத்திற்கு உகந்தும் அமையப்பெற்ற வீட்டார், மகளுக்கு ஊஞ்சல் செய்யவும் பழைய சிற்பியின் பட்டறையையே நாடுவர். அப்பொழுது பேரமும் சற்றுக் குறைந்துவிடும்.